இரவிவர்மாவும் மக்களின் முகமும்

ஓவியர் இரவிவர்மாவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுவதைக் காண்கிறோம். ஒரு சாராருக்கு அவர் பாரத நாட்டின் தெய்வங்களுக்கு முகம் கொடுத்த மேதை. அவருடைய பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு பக்தி கலந்துவிடும். மற்றைய சாராரோ, சிறப்பாக நவீன ஓவியத்திற் பழக்கமுள்ளவர்களும் நமது முற்போக்கு நண்பர்களிற் பலரும், ‘கலண்டர்ப் படக்காரர்’ என்ற ஒரு சொல்லில் அவரை ஒதுக்கிவிட்டு அப்பாற் சென்றுவிடுவர். முன்னது ஆராதனை, பின்னது அலட்சியம். இரண்டிலும் விமர்சனம் இல்லை.

இந்தப் பிரிவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் திகதி இரவிவர்மா கிளிமானூரிற் காலமானபோது, அவரை வியந்து இரங்கற்பா பாடியவர் பாரதி. அடுத்த ஆண்டிலேயே, 1907இல், கல்கத்தாவின் ‘மொடேர்ன் ரிவியூ’ இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்த தமிழர், சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர். இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடை நடிகர்கள், அவற்றில் இந்திய உள்ளம் இல்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டின் சாரம். வேடிக்கை என்னவெனில், பாரதி தம் குருவாக வரித்துக்கொண்ட நிவேதிதாவும் குமாரசுவாமியின் கட்சியே. தரையிலே நெடுகக் கிடந்தபடி காதலனுக்கு மடல் எழுதும் சகுந்தலையை அந்த அம்மையாராற் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குருவின் கருத்துக்கு மாறாகச் சிஷ்யன் பாடினான். இந்த விஷயத்திற் சிஷ்யனின் கண் மக்களின் கண்ணோடு ஒத்துப்போயிற்று என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் பாரதியும் குமாரசுவாமியும் எழுப்பியது தேசியம் பற்றிய வினா. இவ்வோவியம் இந்தியத் தன்மை வாய்ந்ததா, அன்றி ஐரோப்பியரிடம் இரவல் வாங்கியதா என்பதே அன்றைய சர்ச்சை. நாம் கேட்க வேண்டியது வேறு. அவர் தீட்டிய உணர்ச்சி யாருடைய உணர்ச்சி? அது யார் பொருட்டுத் தீட்டப்பட்டது? தீட்டிய பின் யாருடைய வீட்டுச் சுவரைச் சென்றடைந்தது? இவை மூன்றும் ஒன்றல்ல. இரவிவர்மாவைப் பொறுத்தவரை மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு விடைகள் உண்டு.

இவ்விவாதம் வன்னிக் கரையிலிருக்கும் நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கொக்கிளாயிலோ கொக்குத்தொடுவாயிலோ கருநாட்டுக்கேணியிலோ எண்ணெய்வண்ண ஓவியம் ஒன்றை நேரிற் பார்த்தவர் எத்தனை பேர்? ஆனால் ரவிவர்மா படத்தை, அல்லது அதன் பேரப்பிள்ளையான சாமிப்படத்தைப் பாராதவர் எவருமிலர். தாமரைமேல் நிற்கும் இலக்குமியையும் வீணை மீட்டும் சரசுவதியையும் எப்படிக் கற்பனை செய்வதென்று நம் தாய்மாருக்குக் கற்பித்தது சிற்பமுமன்று, புராணமுமன்று, அச்சிட்ட தாள். 1984ஆம் ஆண்டின் இறுதியில் இக்கிராமங்களின் தமிழ் மக்கள் ஊரோடு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே அவர்கள் மீளத் தலைப்பட்டனர். வலையையும் வள்ளத்தையுமே விட்டுப் போனவர்கள் சுவரிற் கிடந்த படத்தையா சுமந்து சென்றிருப்பர்? ஆயினும் கால் நூற்றாண்டின் பின் எழுந்த கொட்டில்களிலும் அதே இலக்குமி, அதே புன்னகையுடன் ஏறி இருந்துகொண்டாள். இத்துணை வலிமை வாய்ந்த ஒரு படைப்பை ‘கலண்டர்’ என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

இதே வன்னியின் தாய்த் தெய்வம் வற்றாப்பளைக் கண்ணகி. வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் நீரெடுத்து வந்து, அந்த உப்புநீரிலே விளக்கெரிப்பது இப்பகுதியின் மரபு. அவளை மக்கள் அறிந்தது விளக்கிலும் பாட்டிலுமே. கணவனைப் பறிகொடுத்து, அரசவையில் நீதி கேட்டு, ஊரையே எரித்த ஒரு பெண்ணைத் தீட்டித் தரும்படி எந்த அரண்மனையும் ஓர் ஓவியனுக்கு முன்பணம் அனுப்பியிராது. அரண்மனைகள் விரும்பியவர்கள் சகுந்தலையும் தமயந்தியும். அதாவது, காத்திருக்கும் பெண்கள். இரவிவர்மாவின் கலையை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

அவருடைய வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கதே. 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில், அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட பிரபுக் குடும்பமொன்றிற் பிறந்தார். முதலிற் கற்பித்தவர் அவருடைய மாமனார் இராஜராஜவர்மா; அவரோ மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த அழகிரி நாயுடுவிடம் பயின்றவர். 1862இல், பதினான்கு வயதில், பையன் ஆயிலியம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அங்கே எண்ணெய்வண்ணம் அறிந்திருந்த இராமசாமி நாயுடு தொழில் நுணுக்கத்தைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரோ, தாம் தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். நாயுடுவின் உதவியாளரான ஆறுமுகம் பிள்ளை என்பவரே இரவு வேளைகளில் மறைவாக வந்து கற்றுக்கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. இந்த ஆறுமுகம் பிள்ளையைப் பற்றி மேலதிகமாக எவரும் எழுதி வைக்கவில்லை. பிரபுவின் பெயர் நாடெங்கும் ஒலிக்க, அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்த கூலிக் கலைஞனின் பெயர் ஒரு கதையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அதற்குப்பின் வெற்றிமேல் வெற்றி. 1873இல் சென்னைக் கண்காட்சியிற் பரிசு, அதே ஆண்டு வியன்னாவிற் பாராட்டு, அரண்மனைகளிலிருந்து அழைப்புகள். 1888இல் பரோடா மன்னர் சயாஜிராவ் பதினான்கு புராண ஓவியங்களைக் கேட்டார். மைசூர், உதயப்பூர் என்று பட்டியல் நீளும். அதை விரித்துரைப்பதில் நமக்குப் பயனில்லை.

பயனுள்ளது அவருடைய ஆற்றல் எங்கே இருந்தது என்பது. அதை நமது மரபிலேயே ஒரு சொல்லால் உணர்த்தலாம்: மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகத் தொல்காப்பியர் வகுத்தவை உள்ளத்தில் எழுந்து உடம்பில் வெளிப்படுபவை. இரவிவர்மா கதையைத் தீட்டியவரல்லர். கதையில் மெய்ப்பாடு உச்சம்பெறும் கணத்தைத் தீட்டியவர். சகுந்தலை காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் கழுத்தின் திருப்பத்திலே நாடகத்தின் ஓர் அங்கமே அடங்கிவிடுகிறது. அன்னத்தின் சொல்லைக் கேட்டு நிற்கும் தமயந்தியின் உடலெங்கும் செவியாகிவிட்டது போலிருக்கும். கீசகனிடம் பாத்திரம் ஏந்திச் செல்லுமாறு ஏவப்பட்ட திரௌபதியை மறக்கவே முடியாது. அரசி ஏவல் மகளாக வேடமிட்டிருக்கிறாள். ஏவல் மகளுக்கு நேர்வது அவளுக்கும் நேரவிருக்கிறது. போக மனமில்லை, போகாதிருக்கவும் வழியில்லை. வேலைக்காரியின் அச்சத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன ஓவியம் அக்கால இந்தியாவில் இல்லையெனலாம். ஆனால் அந்த அச்சத்தைப் பார்வையாளர் மதிக்க வேண்டுமானால் அவள் திரௌபதியாக இருந்தாக வேண்டும். உண்மையான ஏவல் மகளின் அழுகை ஓவியமாவதற்குத் தகுதி பெறவில்லை.

‘நாடகத்தன்மை’ என்று குமாரசுவாமி பழித்தது இதையே. குற்றச்சாட்டில் உண்மையுண்டு, ஆனால் நாடகத்தன்மை எப்படிக் குறையாகும் என்பதை அவர் விளக்கவில்லை. ஊரூராகச் சென்ற நாடகக் கம்பனிகளே அக்கால மக்களின் பல்கலைக்கழகம். அந்த மேடையின் நிற்கும் முறையையும் கண் வீசும் முறையையும் ஓவியர் எடுத்துக்கொண்டதாலேயே, எழுத்தறியாதவரும் அவருடைய படத்தை ‘வாசிக்க’ முடிந்தது. குமாரசுவாமி போற்றிய கலைஞன், சாதிக்குரிய தொழிலைக் கேள்வியின்றிச் செய்துகொண்டு கிராமத்தில் அடங்கியிருக்கும் கம்மாளன். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய நூல் அரிய நூல்தான். எனினும் நிலப்பிரபுத்துவ அமைப்பை அழகின் பொற்காலமாகக் காண்பவர்க்கு அச்சு யந்திரம் அருவருப்பாகத் தோன்றுவது இயல்பே.

இனி, அவருடைய ஆதரவாளர்கள் பேச விரும்பாத ஓர் ஆண்டைப் பற்றிப் பேசுவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்கணத்தையும் பஞ்சம் சூறையாடியது. மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்குக் குறையாதெனக் கணிப்பர். தப்பியோடியவர்களிற் பெருந்தொகையினர் மன்னார்க் கரை வழியாக இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். வழியில் மடிந்தவர்களும் உளர். ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி எடுத்த நிழற்படங்களிலே எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கும் சென்னைப் பக்கத்து மக்களை இன்றும் காணலாம். அவ்வேளை சென்னை ஆளுநராயிருந்தவர் பக்கிங்காம் கோமகன். பட்டினியாற் சாகவிருந்தவர்களைக் கொண்டு வெட்டுவித்த கால்வாய்ப் பகுதியால் அவர் பெயர் இன்றும் வழங்குகிறது. 1878ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த இரவிவர்மா வரைந்தது அந்தக் கோமகனின் முழு உருவப் படத்தை.

இதைச் சொல்லி ஓவியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. உருவப்படம் வரைவது அவருடைய தொழில், பணித்தவர் ஆளுநர். ஆனால் முகங்களின் மெய்ப்பாட்டைத் தேடிய ஒரு கலைஞனுக்குத் தெருவெல்லாம் முகங்களாயிருந்த ஆண்டு அது. மாளிகைச் சன்னல் எவ்வளவு தடிப்பாயிருந்தது என்பதற்கே இதைக் குறிப்பிடுகிறோம்.

சன்னல் ஒரு முறை திறந்தது. 1893இற் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு அவர் பத்து ஓவியங்களை அனுப்பினார். அதே நகரில் அதே ஆண்டு விவேகானந்தர் நிகழ்த்திய உரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பத்து ஓவியங்களைப் பற்றித் தெரிந்தவர் சிலரே. தேவியரோ அரசியரோ அவற்றில் இல்லை. பல்வேறு பகுதிகளைச் சேர்ந்த பெண்கள், அவர்களுடைய அன்றாடம். அவற்றுள் ஒன்று நாடோடிக் குடும்பத்தைப் பற்றியது. நரம்பு வாத்தியத்துடன் ஒரு தாய்; ஒட்டிக்கொண்டு குழந்தைகள். பட்டு இல்லை, பொன் இல்லை, சுற்றிலும் மங்கிய நிறம். அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சகுந்தலையின் பார்வை காதலனைத் தேடுகிறது. தமயந்தியின் பார்வை கனவைத் தேடுகிறது. இத்தாயின் பார்வை எதையும் தேடவில்லை, களைத்துவிட்டது. இரவிவர்மாவின் படைப்புகளிலே மெய்ப்பாடு அணிகலனாகாமல் உண்மையாகவே நிற்கும் இடம் இதுதான் என்பது என் முடிபு. சிக்காகோ நடுவர்களோ பரிசளித்தபோது, இந்திய மக்களின் உடையையும் வழக்கங்களையும் காட்டுவனவாகவே இப்படங்களைப் பார்த்தனர். ஒரு தாயின் களைப்பு, அவர்களுக்கு ஓர் இனத்தின் மாதிரி.

அதே 1893இல் ஐரோப்பிய ஓவியத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் ‘அலறல்’ என்ற படத்தைத் தீட்டினார். பாலத்தில் நின்று காதைப் பொத்திக்கொள்ளும் உருவமொன்றின் பீதியால் வானமும் நீரும் வளைந்துபோயின. பெர்லினில், தொழிலாளர் குடியிருப்பில் வைத்தியராயிருந்தவரின் மனைவி கேத்தே கொல்விட்ஸ், ஹவுப்ட்மன் எழுதிய ‘நெசவாளர்கள்’ நாடகத்தைப் பார்த்துவிட்டு, 1844இல் சைலீசியாவிற் கிளர்ந்தெழுந்த நெசவாளரைப் பற்றி ஆறு படங்கள் கொண்ட தொடரொன்றைத் தொடங்கினார். மூன்று கல்லச்சு; மூன்று செப்புத்தகட்டு அச்சு. 1898இல் அது காட்சிக்கு வந்தபோது நடுவர்கள் தங்கப் பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தனர். ஜேர்மனியப் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். 1904இல் இரவிவர்மாவுக்கு ஆங்கில அரசு வழங்கியதும் தங்கப் பதக்கமே. அதற்குப் பெயர் ‘கைசர்-இ-ஹிந்த்’.

இவ்விருவரையும் ஒப்பிடுவது நியாயமா என்று சிலர் ஐயுறலாம். இருவரையும் பிணைக்கும் பொருள் ஒன்று உண்டு: கல். கொல்விட்ஸ் நெசவாளனின் குடிசையை வரைந்ததும், 1894இற் பம்பாயில் இரவிவர்மா நிறுவிய அச்சகத்தில் இலக்குமியை அச்சிட்டதும் ஒரே கல்லச்சு முறையில். வழவழப்பான சுண்ணக் கல்லின்மேற் கொழுப்பு மையால் வரைந்து, நீரூற்றி, மை உருட்டித் தாளில் ஒற்றியெடுப்பது அம்முறை. வண்ணப் படமாயின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். பல கற்களில் ஒரே தாள் மாறி மாறி ஏற வேண்டும். யந்திரமும் ஜேர்மனியிலிருந்து வந்தது, தொழில்நுட்ப வல்லுநரும் அங்கிருந்தே வந்தனர். மலிவாகப் பல்லாயிரம் பேரைச் சென்றடையும் ஆயுதம் இருவர் கையிலும் இருந்தது. ஒருவர் பசியை அச்சிட்டார். மற்றவர் செல்வத்தின் தேவதையை.

இங்கே நம் நண்பர்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். படங்களை அச்சிட்டுப் பரப்பும் யோசனையை 1884இலேயே இரவிவர்மாவுக்கு எழுதியவர் கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த சேர் த. மாதவராவ். நாட்டுக்குச் செய்யும் சேவை என்றே அவர் இதைக் கருதினார். ஆனால் அவரும் எதிர்பாராத விளைவொன்று நேர்ந்தது. இரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவு திறந்தது 1936ஆம் ஆண்டில். மதுரை மீனாட்சி கோயிலில் 1939இல். நமது யாழ்ப்பாணத்திலோ மாவிட்டபுரம் வாசலில் 1968இலும் போராட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பல்லாண்டுகளுக்கு முன்பே சில காசு கொடுத்து எவனும் தெய்வத்தை வாங்கித் தன் குடிசையில் மாட்டிவிடலாம், தன் கையாற் பூவைக்கலாம், எந்தக் குருக்களும் குறுக்கே வரமாட்டார் என்ற நிலையை அந்தத் தாள் ஏற்படுத்திவிட்டது. பெருஞ்சுவருக்கு அப்பால் ஒளிந்திருந்த முகத்தை யந்திரம் வெளியே கொண்டுவந்து போட்டது. கலைஞர் இதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு கேள்வி. சந்தை செய்த புரட்சிகளில் இதுவும் ஒன்று. சந்தையின் புரட்சிகள் பாதியிலேயே நின்றுவிடுவதும் வழக்கம்.

பாதி என்று ஏன் சொல்கிறோம் எனில், கதவைக் கடந்து வெளியே வந்த தெய்வம் பிரபு வீட்டுப் பெண்ணின் முகத்தோடுதான் வந்தாள். மேலாடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரின் நாடார் குலப் பெண்கள் அடிபட்டும் ஆடை கிழிக்கப்பட்டும் போராடி, 1859இல் ஓரளவு வென்றனர். அப்போது இரவிவர்மாவுக்கு வயது பதினொன்று. பின்னாளில் இந்தியப் பெண்ணின் அடையாளமாகவே சேலையை ஆக்கியவர் அவர். அந்தப் போராட்டப் பெண்களின் சாயல் அவருடைய தேவியர் எவரிடமும் இல்லை. செந்நிறம், உருண்ட தோள், உழைப்பறியாத விரல்கள். நாற்று நடும் பெண்ணும் மீன் காயவைக்கும் பெண்ணும் நாளும் கும்பிட்ட முகத்தில் தம் முகத்தின் ஒரு கோட்டையேனும் கண்டிருக்க முடியாது. அழகு என்பது தமக்கு இல்லாத ஒன்று என்ற பாடத்தையும் அத்தாள் பூசையோடு பூசையாகக் கற்பித்துவிட்டது. நம் திரைப்படம் இன்றளவும் அதே பாடத்தை ஒப்புவித்து வருகிறது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்த பால்கே, முன்பு இரவிவர்மா அச்சகத்தோடு தொடர்பு கொண்டு தொழில் செய்தவரே என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

அச்சகம் ஓவியருக்குச் செல்வம் தரவில்லை. பம்பாயிற் பிளேக் நோய் பரவியது, தொழிலாளர் சிதறினர், யந்திரங்கள் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்குப் பெயர்க்கப்பட்டன. கடன் பெருகவே, புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜேர்மானியத் தொழில்நுட்பருக்கு விற்றுவிட்டார். கூட இருந்து தீட்டிய தம்பி இராஜராஜவர்மா 1905இல் மறைந்தார். அச்சகம் தொடர்ந்து இயங்கி, தீப்பெட்டி, சவர்க்காரம் முதலியவற்றின் விளம்பரங்களுக்கும் அந்தத் தேவியரையே அனுப்பிவைத்தது. 1972இல் அது தீக்கிரையாயிற்று.

தம்பியை இழந்த பின், மைசூர் அரண்மனைக்காகத் தீட்டிய இறுதித் தொகுதியிலே கடலை அடக்கும் இராமன் என்ற ஓவியம் இருக்கிறது. இலங்கைக்கு வழிவிட மறுக்கும் கடலை நோக்கிப் பாறைமேல் நின்று வில் வளைக்கிறான் இராமன்; கொந்தளிக்கும் அலைகளின் நடுவிலிருந்து வருணன் எழுந்து இறைஞ்சுகிறான். அடக்கமான இலக்குமியைத் தீட்டிய கையா இது என்று வியக்கும் அளவுக்கு அதில் வேகம் உண்டு. அலை அலையாகவே இருக்கிறது. மேடைத் திரையாக இல்லை. இரவிவர்மாவின் தூரிகை அரண்மனை ஒழுங்கை மறந்து பாய்ந்த அபூர்வமான இடங்களில் இஃதொன்று. ஆனால் கரைவலை இழுக்கும் ஒருவன் இப்படத்தின்முன் நின்றால் அவன் கண் எங்கே போகும்? நாயாற்றிலிருந்து கொக்கிளாய் முகத்துவாரம் வரை உள்ள கரையில் எந்தச் சம்மாட்டியும் எந்தக் கூலியும் கடலை வில்லால் அடக்க முயன்றதில்லை. அவன் கயிற்றைப் பிடித்து, காலை மணலில் ஊன்றி, மற்றவரோடு சேர்ந்து பின்னோக்கி நடப்பவன். தோளில் விழும் அந்தப் பாரத்தைத் தீட்ட இரவிவர்மாவுக்குத் திறமை இருந்தது. நாடோடித் தாயைத் தீட்டியபோது அதைக் காட்டிவிட்டார். அதைக் கேட்டு ஓலை அனுப்பும் மன்னர்தாம் இருக்கவில்லை.